நெல்லை மாநகராட்சிக் குழுக்களிடம் கோரிக்கை வைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாமன்றக் கூட்டம் நடக்கும் நாளில் மாநகராட்சி அலுவலகத்தின் முன் மனுவோடு நிற்பவர்களை நெல்லையில் அடிக்கடி காணலாம். கூட்டத்தில்தான் எல்லாம் முடிவாகிறது என்ற நம்பிக்கையே அவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறது. முதல் தவறு இந்த நம்பிக்கைதான். ஒரு பொருள் மாமன்றத்தின் கூட்டப்பொருளில் அச்சாகி வருவதற்குள், உதவிப் பொறியாளர் இடத்தைப் பார்த்து, மதிப்பீடு தயாரித்து, பெரும்பாலும் மண்டலக் குழுவோ, குறிப்பிட்ட துறைகளைக் கவனிக்க மாமன்ற உறுப்பினர்களைக் கொண்டு அமைக்கப்படும் உரிய நிலைக்குழுவோ அதைப் பரிசீலித்தும் முடித்திருக்கும். மாமன்றத்தில் அது சில நிமிடங்களில் நிறைவேறிவிடும். 1994-ஆம் ஆண்டு மாநகராட்சியாக உயர்ந்த நெல்லையில் தச்சநல்லூர், திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் என நான்கு மண்டலங்களும் 55 வார்டுகளும் உள்ளன. உங்கள் தெரு எந்த மண்டலத்தில் இருக்கிறதோ அந்த மண்டல அலுவலகத்திலிருந்துதான் வேலை தொடங்கும்.

எவருக்குச் சொந்தமான ஒன்றைப் பற்றி மனு எழுதுகிறோம் என்று பார்க்காமல் எழுதுவதுதான் மிகுதியான காலத்தை விழுங்குகிற தவறு. பாளையங்கால்வாயும் நெல்லைக் கால்வாயும் தாமிரபரணிப் பாசனத்தின் பகுதிகள். அவை நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளவை. அவற்றில் வந்து கலக்கும் தெருச் சாக்கடையோ மாநகராட்சியுடையது. தெருவிளக்கிலும் இதே இரட்டை நிலை உண்டு: கம்பம் மின்வாரியத்தினுடையது, விளக்கைப் பராமரிப்பது மாநகராட்சி. ஆகவே சாய்ந்த கம்பத்துக்கு ஓரிடத்திலும் எரியாத விளக்குக்கு வேறோரிடத்திலும் சொல்ல வேண்டும். நகருக்குள் ஓடும் பெரிய சாலைகள் சில நெடுஞ்சாலைத் துறையின் கணக்கில் இருப்பதால், அவற்றின் பள்ளங்களுக்காக மாமன்ற உறுப்பினரைக் கடிந்துகொள்வதில் பயனில்லை.

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கமே இதில் சறுக்கியிருக்கிறது. தெருவோரச் சாக்கடையை நம் பக்கத்தில் ‘வாறுகால்’ என்றுதான் சொல்வோம். மனுவை எழுதியவர் நல்ல தமிழாக இருக்கட்டும் என்று எண்ணி ‘வாய்க்கால் தூர்வார வேண்டும்’ என்று எழுதிவிட்டார். படித்தவர்கள் அதைப் பாசன வாய்க்கால் என்றே புரிந்துகொண்டு வேறு துறைக்கு அனுப்பிவைத்தார்கள். அந்தத் துறை, அது தங்கள் எல்லைக்குள் வராது என்று எழுதித் திருப்பியது. அதற்குள் ஒரு மழைக்காலம் போய்விட்டது. ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகளில்கூட வாறுகால் என்ற சொல் வருவதுண்டு. ஊர்ச் சொல்லை எழுத நாங்கள் கூசியிருக்க வேண்டியதில்லை.

ஒரே தாளில் பத்துக் குறைகளை அடுக்குவதும் நல்லதன்று. குடிநீர், குப்பை, நாய்த்தொல்லை, விளக்கு எல்லாம் ஒரே மனுவில் இருந்தால், அது எந்தப் பிரிவின் மேசையில் முதலில் விழுகிறதோ அந்தப் பிரிவுக்குரிய குறையை மட்டும் பார்த்துவிட்டு முடித்துவைக்கப்படக்கூடும். ஒரு கோரிக்கைக்கு ஒரு தாள் போதும். அதில் தெருவின் பெயர், வார்டு எண், தொடக்கமும் முடிவும் எந்தெந்தக் கதவு எண்கள், ஏறத்தாழ எத்தனை மீட்டர், கேட்பது பழுது நீக்கமா புதிய அமைப்பா என்பவை இருக்க வேண்டும். பழுது நீக்கம் பராமரிப்புச் செலவில் அடங்கிவிடலாம். புதிய வாறுகாலுக்கு மதிப்பீடு, நிதி ஒதுக்கீடு, ஒப்பந்தப்புள்ளி என்று நீண்ட வழி இருக்கிறது. நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குவதால், புதியவற்றைக் கேட்பவர்கள் மார்ச் கடைசியில் விழித்துக்கொள்வது வீண். மனுவைக் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

வார்டு குழுவையும் பகுதி சபையையும் கட்சிக்காரர்களின் கூட்டம் என்று ஒதுக்குவோர் பலர். மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் அமைய வேண்டும் என்பது 74-ஆவது திருத்தத்தின் வழியாக அரசியலமைப்பிலேயே இடம்பெற்ற விதி. தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபை இரண்டுக்கும் 2022-இல் விதிகள் வந்தன. வார்டு குழுவுக்கு அந்த வார்டின் மாமன்ற உறுப்பினரே தலைவர். பகுதி சபை என்பது அந்தப் பகுதியின் வாக்காளர்கள் எல்லாரும் அடங்கியது. ஆகவே அழைப்பு வரவில்லை என்று வீட்டில் இருந்துவிடுவது, நமக்குரிய நாற்காலியை நாமே காலியாக விடுவதாகும்.

கட்டுப்பாடுகள், வரிகள் தொடர்பான தீர்மானங்களில் தவறு பெரும்பாலும் காலத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. 2022-இல் தமிழகம் முழுவதும் சொத்து வரி சீராய்வு செய்யப்பட்டபோது, ஆட்சேபணை தெரிவிக்க 30 நாட்கள் தரப்பட்டன. வரியைச் செலுத்தச் சொல்லும் கேட்பு அறிவிப்பு கையில் வந்த பிறகு எழுந்த சத்தத்தில் பாதியாவது அந்த 30 நாட்களுக்குள் எழுத்தாக மாறியிருந்தால், குழுக்களின் முன் பேசுவதற்கு ஒரு பொருளாவது இருந்திருக்கும். தீர்மானத்தின் நகலைப் பார்க்காமல் ‘மாமன்றத்தில் இப்படி முடிவு செய்துவிட்டார்களாம்’ என்று பேசிக்கொண்டிருப்பதும் தேவையற்றது. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்டால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

தரைக்கடைகள் பற்றிய பேச்சில் இரு தரப்பும் தவறுகிறது. நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய ரத வீதிகளில் நடக்க இடமில்லை என்று புகார் செய்பவர்கள், உடனே அப்புறப்படுத்தும்படி மாமன்றத்தைக் கேட்கிறார்கள். ஆனால் 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கப்படும் வரை எவரையும் அகற்றவோ இடம் மாற்றவோ கூடாது. வியாபாரம் எங்கே நடக்கலாம், எங்கே கூடாது என்பதில் கருத்துச் சொல்ல ஆணையரைத் தலைவராகக் கொண்ட நகர விற்பனைக் குழு ஒன்று உண்டு. அதன் உறுப்பினர்களில் 40 விழுக்காட்டுக்குக் குறையாதோர் வியாபாரிகளாகவும், அந்த வியாபாரிகளில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருக்க வேண்டும். நடைபாதை வேண்டுவோர் மனு அந்தக் குழுவுக்குப் போக வேண்டும். வியாபாரிகள் பக்கத்திலோ, கணக்கெடுக்க வரும் நாளில் கடையை வேறொருவரிடம் விட்டுப் போய்விடுவதும், வாங்கிய சான்றிதழைப் பிறருக்கு வாடகைக்கு விடுவதும் நடக்கின்றன. சான்றிதழ் பெறுபவர் தாமோ தம் குடும்பத்தாரோதான் வியாபாரம் செய்ய வேண்டும்; வாடகைக்கு விட்டது தெரிந்தால் அது ரத்தாகக்கூடும்.