எஸ்எஸ்டி தன் இணைப்பு வேகத்தை எட்டாதபோது எங்கே தேடுவது

எஸ்எஸ்டி மந்தமாக இருப்பதாகத் தோன்றியவுடன் விண்டோஸை அழித்து மீண்டும் நிறுவுவதில் இறங்க வேண்டாம். இணைப்பே குறைந்த வேகத்தில் அமைந்துவிட்டதா, அல்லது இணைப்பு சரியாக இருந்தும் எஸ்எஸ்டி தளர்கிறதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும்.

கிறிஸ்டல் டிஸ்க்மார்க் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு தொடர்வாசிப்பு வேகத்தை, அதாவது தரவை வரிசையாக வாசிக்கும் வேகத்தை, அளந்து பாருங்கள். சாட்டா என்பது எஸ்எஸ்டியையும் ஹார்ட் டிஸ்க்கையும் மதர்போர்டோடு இணைக்கும் பழைய வகை இணைப்பு. சாட்டா 3 இணைப்பின் வேகம் விநாடிக்கு 6 ஜிகாபிட். ஒவ்வொரு 8 பிட்டும் 10 பிட்டாக மாற்றி அனுப்பப்படுவதால் நமக்கு எஞ்சும் உச்சம் விநாடிக்கு 600 மெகாபைட். நடைமுறையில் கிடைப்பது ஏறத்தாழ 550. அந்த எண் வந்தால் சாட்டா எஸ்எஸ்டியிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, அது மதர்போர்டிலேயே செருகும் சிறு அட்டையான எம்.2 வடிவத்தில் இருந்தாலும்கூட. மாறாக 270 அல்லது 280-இல் அசையாமல் நின்றால், இணைப்பு பாதி வேகமுள்ள சாட்டா 2-க்கு இறங்கியிருக்கிறது. வெளிப்புறப் பெட்டியில் வைத்த எஸ்எஸ்டி 40 மெகாபைட்டைத் தாண்டாவிட்டால் அது யுஎஸ்பி 2.0 வழியாக ஓடுகிறது. கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். பொதுவாக, வேகம் ஏறத்தாழ பாதியில் நிலையாக நின்றால் இணைப்பையும், ஏறி இறங்கினால் எஸ்எஸ்டியையும் சந்தேகிக்கலாம்.

சந்தேகத்தை உறுதிசெய்ய, எஸ்எஸ்டியின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க்இன்ஃபோ என்னும் மென்பொருள் உதவும். அதில் பரிமாற்ற முறை என்ற இடத்தில் நெட்டுக்கோட்டின் இடப்பக்கம் தற்போதைய வேகமும், வலப்பக்கம் எஸ்எஸ்டியால் இயன்ற வேகமும் இருக்கும். இரண்டும் வேறுபட்டால் கோளாறு எஸ்எஸ்டிக்கு வெளியே இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். பழைய மதர்போர்டுகளில் எல்லா சாட்டா போர்ட்டுகளும் ஒன்றல்ல: 2011-இல் வந்த இன்டெல் எச்67, பி67 சிப்செட்டுகளில் இரண்டு போர்ட்டுகள் மட்டுமே 6 ஜிகாபிட், மற்ற நான்கும் 3 ஜிகாபிட். போர்ட் சரியானதாக இருந்தால் கேபிளைப் பாருங்கள். அதே மென்பொருளில் சி7 என்ற வரியில் உள்ள சிஆர்சி பிழை எண்ணிக்கை (வழியில் சிதைந்துபோன தரவுப் பரிமாற்றங்களின் எண்ணிக்கை) நாளுக்கு நாள் கூடினால் கேபிளையோ அதன் முனைகளையோ ஐயுற வேண்டும். அந்த எண்ணிக்கை ஒருபோதும் குறையாது என்பதால், பழைய எண்ணைக் கண்டு அஞ்சாமல் அது மேலும் வளர்கிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

சாட்டாவுக்குப் பதிலாக அதைவிட வேகமான பிசிஐஇ இணைப்பில் ஓடும் என்விஎம்இ எஸ்எஸ்டியில், அந்த இணைப்பின் தலைமுறை, லேன் (தரவு செல்லும் தடம்) எண்ணிக்கை ஆகிய இரண்டையும் பார்க்க வேண்டும். மூன்றாம் தலைமுறையின் நான்கு லேன்கள் சுமார் 3,500 மெகாபைட்டும், நான்காம் தலைமுறையின் நான்கு லேன்கள் சுமார் 7,000 மெகாபைட்டும் தரும். ஏஎம்டி பி550 மதர்போர்டில் சிப்செட் வழியாகச் செல்லும் எம்.2 ஸ்லாட் மூன்றாம் தலைமுறையே. ரைசன் 5 5600ஜி செயலியைப் பொருத்தினால் செயலியோடு நேரடியாக இணைந்த ஸ்லாட்டும் அந்தத் தலைமுறைக்கே இறங்கிவிடும். விலையுயர்ந்த எஸ்எஸ்டியை வாங்கியவர்களுக்கு இது கசப்பான செய்திதான். சில போர்டுகளில் இன்னொரு ஸ்லாட்டில் கார்டு செருகினால் லேன்கள் பங்கிடப்படும். போர்டின் கையேட்டைப் படிப்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி இல்லை.

இணைப்பு முழுமையாக இருந்தும் வேகம் சரிந்தால், எப்போது சரிகிறது என்று கவனியுங்கள். பெரிய கோப்பை நகலெடுக்கும்போது தொடக்கத்தில் பாய்ந்து, பின்னர் சட்டென்று விழுந்தால் எஸ்எல்சி கேஷ் (வேகமாக எழுதுவதற்காக எஸ்எஸ்டி தற்காலிகமாக ஒதுக்கும் பகுதி) நிரம்பிவிட்டது என்று பொருள். ஒரு செல்லில் நான்கு பிட் சேமிக்கும் க்யூஎல்சி வகை மலிவு எஸ்எஸ்டிகளில் அதன் பிறகு எழுதும் வேகம் ஹார்ட் டிஸ்க்கையும்விடத் தாழலாம். கேஷ் பெரும்பாலும் காலியிடத்திலிருந்தே எடுக்கப்படுவதால், கொஞ்சம் இடத்தைக் காலியாக விடுவது பலன் தரும். வெப்பநிலை 70 பாகையைக் கடந்த பின் வேகம் விழுந்தால் ஹீட்சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடு) தேவை. ஏற்கெனவே இருந்தால், அதன் வெப்பப் பட்டையிலுள்ள பிளாஸ்டிக் தாளை உரித்துதான் பொருத்தினீர்களா என்று பாருங்கள். எண்ணற்ற சிறு கோப்புகளை நகலெடுக்கும்போது எந்த எஸ்எஸ்டியும் இணைப்பின் உச்சத்தை எட்டாது. அதைக் கோளாறாகக் கருத வேண்டாம்.

சோதனை மென்பொருளின் கண்ணுக்குத் தப்பும் கோளாறும் ஒன்று உண்டு. சாம்சங் 840 ஈவோவில் பல மாதங்களுக்கு முன் எழுதிய தரவு மட்டும் மெதுவாக வாசிக்கப்பட்டது. 2014 அக்டோபரில் வந்த ஃபர்ம்வேர் (எஸ்எஸ்டிக்குள் இயங்கும் மென்பொருள்) போதாமல் 2015-இல் இன்னொன்று வெளியிடப்பட்டது. சோதனை மென்பொருள் அப்போதே எழுதிய கோப்பை வாசிப்பதால் இத்தகைய குறை அதில் தெரியாது. ஓராண்டுப் பழமையான பெரிய கோப்பு ஒன்றை வேகமான வேறொரு எஸ்எஸ்டிக்கு நகலெடுத்து வேகத்தைப் பாருங்கள். பழையது மட்டும் தவழ்ந்தால், தரவுக்கு முழுப் பிரதி எடுத்துவைத்துவிட்டு ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள்.