டச்சு பேச நான் பழகிய நாலு-மூணு-ரெண்டு

நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரத்துக்கு வந்த முதல் வருஷம், ரொட்டிக் கடையில் நான் சொல்ல வேண்டியிருந்தது மூன்றே சொல்: 'ஹால்ஃப் வோல்கோரன், ஹெஸ்னேடன்.' முழுக்கோதுமை ரொட்டி பாதி, துண்டு போட்டு. மூன்றும் எனக்கு நன்றாகவே தெரியும். இரண்டைச் சொல்லிவிட்டு மூன்றாவதுக்கு முன்னால் ஒரு வினாடி நின்றேன். அதற்குள் கடைக்காரப் பெண் ஆங்கிலத்துக்குத் தாவிவிட்டார். தலையை ஆட்டிவிட்டு ரொட்டியோடு வெளியே வந்தேன்.

இந்த நாட்டில் டச்சு கற்பவர்கள் எல்லாருக்கும் இதே கதைதான். நாம் தடுமாறினால் உதவி செய்வதாக நினைத்து ஆங்கிலத்தில் பேசிவிடுவார்கள். எனக்கோ குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குச் சேர ஆசை. அதற்குப் பேச்சில் பி2 நிலை வேண்டும், ஐரோப்பிய மொழி அளவுகோலின் ஆறு படிகளில் நான்காவது அது. இலக்கணப் புத்தகம் இரண்டை முடித்திருந்தேன், படித்தால் புரிந்தது, வாய்தான் ஓடவில்லை. கரூரில் வேதியியல் எம்.எஸ்சி. படித்தவள் நான். எதையும் அளந்து பார்க்காமல் கைவைக்க மாட்டேன். அதனால் என் தடுமாற்றத்தையே அளக்க ஆரம்பித்தேன். நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன். டச்சு இல்லாமல் ஜெர்மனோ இந்தியோ கற்பவர்களுக்கும் இது பொருந்தும்.

முதலில் போனை எடுத்து இரண்டு நிமிஷம் பேசிப் பதிவு செய்யுங்கள். எழுதி வைத்து வாசிக்கக் கூடாது. நேற்று நடந்த ஏதாவது ஒன்றைச் சொன்னால் போதும். அப்புறம் அதே விஷயத்தைத் தமிழில் இரண்டு நிமிஷம். தமிழ் எதற்கு என்று கேட்பீர்கள். தாய்மொழியிலேயே நின்று நின்று பேசுகிறவர் இரண்டாம் மொழியிலும் அப்படித்தான் பேசுவார். நெதர்லாந்தில் டச்சு கற்ற ஆங்கிலேயர்களையும் துருக்கியர்களையும் வைத்து நிவ்யா த யோங் என்ற மொழியியலாளரின் குழுவினர் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். என் தமிழ்ப் பதிவைக் கேட்டபோது இரண்டு நிமிஷத்தில் பதினேழு 'வந்து' வந்திருந்தது. "உனக்குத் தமிழே அப்படித்தானே" என்றார் வீட்டுக்காரர். "உங்களையும் பதிவு பண்ணட்டுமா?" என்றேன். பேச்சை மாற்றிவிட்டார். சரி, அந்தத் தமிழ்ப் பதிவுதான் உங்கள் அளவுகோல். செய்தி வாசிப்பவர்களோடு போட்டி வேண்டாம்.

அடுத்தது கொஞ்சம் சலிப்பான வேலை, ஆனால் இதைத் தாண்டிப் போகாதீர்கள். பதிவைக் கேட்டுச் சொன்னபடியே காகிதத்தில் எழுதுங்கள், நின்ற இடத்தில் எல்லாம் ஒரு சாய்கோடு போடுங்கள். கால் வினாடிக்குக் குறைந்த மௌனத்தை விட்டுவிடலாம். ப், ட் போன்ற ஒலிகளுக்கு வாய் மூடித் திறக்கிற நேரம் அதில் கலந்துவிடும் என்பதால் ஆராய்ச்சியாளர்களும் பெரும்பாலும் கால் வினாடியையே எல்லையாக வைக்கிறார்கள். காதால் பிடிக்க முடியாவிட்டால் பிராட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் போர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் எழுதியது. பிராட் என்றால் டச்சில் 'பேசு' என்று அர்த்தம். எனக்கென்றே பெயர் வைத்த மாதிரி இருந்தது. போன் பதிவை வேவ் கோப்பாக மாற்றிக்கொண்டு திறந்தால், மௌனங்களைத் தானே பிரித்துக் காட்டும். குறைந்தபட்ச மௌனம் என்ற இடத்தில் 0.25 என்று கொடுங்கள்.

என் முதல் டச்சுப் பதிவில் 120 வினாடிக்கு 192 அசை (சிலபிள்), அதாவது வினாடிக்கு 1.6. மொத்த மௌனம் 48 வினாடி. நின்ற இடங்கள் 41. இதைப் பார்த்து 'வேகமாகப் பேச வேண்டும்' என்று கிளம்பிவிட்டால் தப்பான பாதையில் போவீர்கள். நானும் இரண்டு வாரம் அப்படிப் போனேன். வாய் குழறியது, அவ்வளவுதான்.

பார்க்க வேண்டியது எங்கே நின்றோம் என்பதை. சொந்த மொழி பேசுகிறவர்களும்தான் நிற்கிறார்கள். ஆனால் அவர்கள் பெரும்பாலும் ஒரு வாக்கியத் துண்டு முடிந்த பிறகு நிற்கிறார்கள், கற்பவர்கள் துண்டின் நடுவில் நிற்கிறார்கள் என்று பர்வானே தவக்கோலி 2011இல் எழுதிய கட்டுரையில் காட்டியிருக்கிறார். துண்டின் முடிவில் நின்றால், அடுத்து என்ன சொல்லலாம் என்று யோசிக்கிறீர்கள், கேட்பவர் காத்திருப்பார். நடுவில் நின்றால் சொல் கிடைக்கவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். ரொட்டிக் கடையில் நடந்தது அதுதான்.

இதன் காரணத்தை நெதர்லாந்தின் நெய்மேகன் நகரில் இருந்த மொழி உளவியலாளர் வில்லெம் லெவெல்ட் 1989இல் வரைந்து காட்டிய படத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். பேச்சுக்கு மூன்று பட்டறைகள்: என்ன சொல்வது என்று முடிவு செய்வது ஒன்று, அதற்குச் சொல்லும் இலக்கணமும் தேடிக் கோப்பது இன்னொன்று, வாயால் ஒலிப்பது மூன்றாவது. தாய்மொழியில் நடுப்பட்டறை தானாக ஓடும். புது மொழியில் அங்கேதான் சரக்கு தேங்கி நிற்கும்.

என் 41இல் 27 நடுவில் நின்றவை. அந்த 27ஐ மறுபடி பார்த்தேன். 14 இடங்களில் 'தெ' அல்லது 'ஹெட்' என்று சொல்லிவிட்டு நின்றிருக்கிறேன். ஆங்கிலத்தில் 'தி' வருகிற மாதிரி, டச்சில் குறிப்பிட்ட ஒன்றைச் சொல்லும்போது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் இந்த இரண்டில் ஒன்று வர வேண்டும், எதற்கு எது என்பதற்கு முழுசாக விதி கிடையாது. 'இன் தெ… தெ… விங்கல்' (கடையில்) என்று கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். நோய் தெரிந்தால் மருந்து சுலபம். 'விங்கல்' என்று தனியாகப் படிக்காமல் 'தெ விங்கல்' என்று ஒரே சொல்லாகச் சத்தம் போட்டுப் படித்தேன். இன்னும் குறுக்கு வழி வேண்டுமா? பெயர்ச்சொல்லோடு 'குட்டி' என்று அர்த்தம் தரும் விகுதியைச் சேர்த்தால் ஒருமையில் எல்லாமே 'ஹெட்' ஆகிவிடும். டச்சுக்காரர்களே எதையும் குட்டியாக்கிப் பேசுவார்கள். ஆனால் ஆஸ்பத்திரியைக் குட்டி ஆஸ்பத்திரி என்று சொன்னால் சிரிப்பார்கள். அனுபவம்.

உங்கள் காகிதத்தில் வேறு ஏதாவது தெரியும். வினை எங்கே வரும் என்பதாக இருக்கலாம், எண்களாக இருக்கலாம். ஒன்றை மட்டும் பிடியுங்கள்.

இனி முக்கியமான பயிற்சி, தலைப்பில் சொன்ன நாலு-மூணு-ரெண்டு. ஒரே விஷயத்தை ஒருவரிடம் நான்கு நிமிஷம் சொல்லுங்கள், வேறொருவரிடம் அதையே மூன்று நிமிஷத்தில், மூன்றாமவரிடம் இரண்டு நிமிஷத்தில். கீத் மாரிஸ் 1983இல் சொன்ன முறை இது. நியூசிலாந்தின் பால் நேஷன் பிறகு இதை எல்லாரிடமும் கொண்டுசேர்த்தார். விஷயத்தைக் குறைக்காமல் நேரத்தைக் குறைப்பதுதான் சூட்சுமம். முதல் சுற்றில் தேடி எடுத்த சொற்கள் அடுத்த சுற்றில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், நடுப்பட்டறையின் வேலை பாதியாகும்.

சொன்னதையே சொன்னால் அந்த ஒரு கதை மட்டும்தானே சரளமாகும்? எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. பிட்ஸ்பர்க்கில் ஆங்கிலம் கற்ற மாணவர்களை வைத்து நிவ்யா த யோங்கும் சார்லஸ் பெர்ஃபெட்டியும் இதைச் சோதித்து 2011இல் எழுதினார்கள். ஒரு குழு ஒரே தலைப்பை மூன்று முறை பேசியது, மற்றது மூன்று வெவ்வேறு தலைப்புகள். பயிற்சியின்போது இரு குழுவும் முன்னேறின. பின்னால் புதுத் தலைப்பு கொடுத்தபோதும் அந்தச் சரளம் நிலைத்தது, திரும்பச் சொன்ன குழுவிடம் மட்டும்தான். யூச்சி சுசுகி ஜப்பானில் ஆங்கிலம் கற்பவர்களிடம் செய்த ஆய்வில் இன்னொன்று தெரிந்தது: கதைகளை மாற்றி மாற்றிக் கலப்பதை விட, ஒரு கதையை அடுத்தடுத்துச் சொல்லி முடித்துவிட்டு அடுத்த கதைக்குப் போவது சரளத்துக்கு நல்லது. எனவே ஒரு நாளைக்கு ஒரு கதை.

மூன்று பேருக்கு எங்கே போவது? எனக்கு முதல் ஆள் போன். இரண்டாவது பக்கத்து வீட்டுப் பாட்டி, எண்பதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார், ஆங்கிலம் அவ்வளவாக வராது. அதுதான் எனக்கு அதிர்ஷ்டம். மூன்றாவது ஊர் நூலகத்தின் மொழிக் கஃபே. இங்கே பல நூலகங்களில் உண்டு, யாரும் போய் உட்கார்ந்து டச்சு பேசலாம். கஃபே இல்லாத நாட்களில் மூன்றாம் சுற்றும் போனிடம்தான். ஆனால் எதிரில் ஒரு முகம் இருந்தால் பேச்சே வேறு மாதிரி வருகிறது.

இந்த முறையில் ஒரு குழி இருக்கிறது. பிழையும் சரளமாகிவிடும். ஃபிராங்க் போர்ஸ் 2014இல் கவனித்தது, மாணவர்கள் மூன்று சுற்றிலும் அதே பிழையைச் சொல்லுக்குச் சொல் திரும்பச் சொன்னார்கள் என்பது. நான் 'நேற்று நான் போனேன்' என்பதை 'ஹிஸ்தரன் இக் பென்…' (நேற்று, நான், வினை) என்றே தமிழ் வரிசையில் ஆரம்பித்துக்கொண்டிருந்தேன். டச்சில் 'நேற்று' முன்னால் வந்தால் வினை முந்திக்கொள்ளும், 'ஹிஸ்தரன் பென் இக்…'. நான்கு நாள் சுற்றிச் சுற்றிச் சொன்னதில் தப்பு வடிவம் கல்வெட்டாகிவிட்டது. அதைப் பெயர்க்க மூன்று வாரம் ஆனது. அதிலிருந்து நான்கு நிமிஷச் சுற்று முடிந்ததும் பதிவைக் கேட்டு இரண்டே இரண்டு பிழையை எடுத்துத் திருத்திக்கொண்டுதான் அடுத்த சுற்றுக்குப் போகிறேன். பத்துப் பிழையையும் திருத்தப் போனால் வாய் பூட்டிக்கொள்ளும்.

இன்னொரு சின்ன விஷயம். நிற்கத்தான் போகிறோம் என்றால் அந்த ஊர்க்காரர் மாதிரி நில்லுங்கள். 'ஏஃபன் கெய்க்கன்' என்றால் 'கொஞ்சம் இருங்க, பார்க்கிறேன்'. 'ஹூ ஸெஹ் யெ தாட்' என்றால் 'அதை எப்படிச் சொல்வாங்க'. நம்ம ஊர் 'அது வந்து' மாதிரி. மௌனமாக நின்றால் ஆங்கிலம் வந்துவிடும், 'ஏஃபன் கெய்க்கன்' என்றால் காத்திருக்கிறார்கள்.

பதினோரு வாரம், வாரத்துக்கு நான்கு நாள். அதன் பிறகு பழகாத தலைப்பில் இரண்டு நிமிஷம் பதிவு செய்தேன். 276 அசை, வினாடிக்கு 2.3. மௌனம் 29 வினாடி. நின்ற இடங்கள் 30, நடுவில் 9. மௌனத்தைக் கழித்துவிட்டு வாய் ஓடும் நேரத்தை மட்டும் கணக்குப் போட்டால் முன்பு 2.7, இப்போது 3. வாயின் வேகம் கொஞ்சம்தான் கூடியிருக்கிறது. பெரும்பாலும் குறைந்தது நடுவழி நிறுத்தங்கள்தான்.

கதைக்குப் பஞ்சம் வரும், அதற்கு மட்டும் தயாராக இருங்கள். போன புதன்கிழமை சைக்கிள் பஞ்சரான கதையைப் பாட்டியிடம் ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியம் தடையில்லாமல் போனது. பாட்டி கையைக் காட்டி நிறுத்தினார். 'தீ ஹெப் இக் அல் ஹெஹோர்ட்.' இதை ஏற்கெனவே கேட்டாச்சே என்று அர்த்தம். டச்சில்தான் சொன்னார்.