லிஃப்ட் அறிவிப்பில் ஆங்கிலம் படிப்போம்: வினைச்சொல்லுக்குப் பின்னால் என்ன வருகிறது?

எங்கள் புளோக்குக்கு வண்ணம் பூசப் போகிறார்கள். லிஃப்ட் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. என்னோடு தங்கியிருக்கும் தம்பி, வேலைக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது, அதை நின்று படித்தார். "எல்லாச் சொல்லும் தெரியுதுண்ணே. ஆனா இதே மாதிரி நானா ஒண்ணு எழுதுன்னா வரல" என்றார். அவருக்கு அன்று இரவு சொல்லிக்கொடுத்ததை இங்கே எழுதுகிறேன். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

படி 1: வினைச்சொல்லைப் பிடியுங்கள்

அறிவிப்பில் இருந்த வாக்கியம்: "ரெசிடென்ட்ஸ் ஆர் அட்வைஸ்ட் டு கீப் தேர் விண்டோஸ் குளோஸ்ட்." குடியிருப்பவர்கள் சன்னலை மூடியே வைத்திருக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். இதில் இரண்டு வினைகள்: அட்வைஸ், கீப். இரண்டையும் வட்டமிடுங்கள்.

படி 2: பின்னால் வருவதைக் கோடிடுங்கள்

'கீப்' எளிது. அதன் பின்னால் ஒரு பொருள் (விண்டோஸ்), அதற்கப்புறம் அந்தப் பொருள் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பது (குளோஸ்ட்).

'அட்வைஸ்' கொஞ்சம் ஒளிந்திருக்கிறது. செயப்பாட்டு வினை என்பதால், அறிவுரையைப் பெறும் ஆள் வாக்கியத்தின் முன்னால் போய்விட்டார். அவரைத் திருப்பி அவர் இடத்தில் உட்காரவையுங்கள்: "வி அட்வைஸ் ரெசிடென்ட்ஸ் டு கீப்..." இப்போது தெளிவாகத் தெரியும்: அட்வைஸ், ஆள், டு, அடுத்த வினை.

படி 3: மாற்றக்கூடியதை எடுத்துவிட்டுச் சட்டத்தை (வாக்கியத்தின் வார்ப்பை) மட்டும் எழுதுங்கள்

நோட்டில் இப்படி:
கீப் + பொருள் + நிலை
அட்வைஸ் + ஆள் + டு + வினை

இனி உங்கள் வேலையிடத்துச் சொற்களைப் போடுங்கள். "கீப் த ஃபுளோர் டிரை." "கீப் த கேட் லாக்ட்." "த டாக்டர் அட்வைஸ்ட் மீ டு ரெஸ்ட்." தம்பி பத்து நிமிடத்தில் எட்டு வாக்கியம் எழுதினார், ஒன்றுகூடத் தப்பில்லை.

படி 4: சொந்தக்காரர்களைத் தேடுங்கள்

ஒரே சட்டத்தில் உட்காரும் வினைகள் பெரும்பாலும் பொருளிலும் உறவாக இருக்கும். ஆஸ்க், டெல், ரிமைண்ட், வார்ன், இன்வைட், ஆர்டர் எல்லாமே அட்வைஸ் உட்கார்ந்த சட்டத்தில் உட்காரும். எல்லாமே வாய்ச்சொல்லால் ஒருவரைச் செயலுக்கு நகர்த்துகிற வினைகள். ஒன்றைக் கற்றால் ஆறு கையில் வந்துவிடுகிறது.

ஆனால் 'சஜஸ்ட்' இந்தக் குடும்பம் இல்லை. பொருளைப் பார்த்தால் சேரும் போலத் தோன்றும், சேராது. "ஐ சஜஸ்ட் யூ டு செக்" தவறு. "ஐ சஜஸ்ட் தட் யூ செக்" அல்லது வெறும் "ஐ சஜஸ்ட் யூ செக்" என்றுதான் எழுத வேண்டும். கட்டுமானத் தளத்தில் மேலதிகாரிக்கு அனுப்பிய செய்திகளில் நான் பல வருடம் இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். யாரும் திருத்தவில்லை, ஏனென்றால் பொருள் புரிந்துவிடுகிறது. 'லெட்', 'மேக்' இரண்டும் ஆளை ஏற்கும், ஆனால் 'டு' வராது: "லெட் ஹிம் கோ."

படி 5: தமிழ் எங்கே குறுக்கே வருகிறது என்று பாருங்கள்

எனக்கு இந்தப் படிதான் முக்கியம். தமிழில் வினை தனக்கு வேண்டிய வேற்றுமை உருபைத் தானே கேட்டு வாங்கும். அவரைச் சந்தித்தேன், அவருக்கு உதவினேன், அவரிடம் தெரிவித்தேன். யோசிக்காமல் சரியாகச் சொல்கிறோம். அந்தப் பழக்கத்தை ஆங்கிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் வழுக்குகிறது.

"அதைப் பற்றி விவாதித்தோம்" என்பது மனதில் இருப்பதால் "டிஸ்கஸ்ட் அபவுட் இட்" வந்துவிடுகிறது. 'டாக்' என்றால் 'அபவுட்' வேண்டும். 'டிஸ்கஸ்' என்றால் வேண்டாம், "டிஸ்கஸ்ட் இட்" போதும். "அவரோடு கல்யாணம்" என்பதால் "மேரீட் வித் ஹிம்" என்கிறோம். சரியானது "மேரீட் ஹிம்". "அவரிடம் தெரிவித்தேன்" என்பது "இன்ஃபார்ம்ட் டு ஹிம்" ஆகிவிடுகிறது. சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் சந்தேகப்படும்படியான ஆளையோ பொருளையோ பார்த்தால் சொல்லுங்கள் என்ற அறிவிப்பை எத்தனை முறை கேட்டிருப்போம்! "பிளீஸ் இன்ஃபார்ம் அவர் ஸ்டாஃப்" என்றுதான் வரும். நடுவில் 'டு' கிடையாது. அடுத்த முறை காது கொடுத்துக் கேளுங்கள்.

படி 6: 'டு'வா, 'இங்'கா?

'வான்ட்' என்றால் டு ("வான்ட் டு ரீட்"), 'என்ஜாய்' என்றால் வினையின் முடிவில் இங் ("என்ஜாய் ரீடிங்"). இவற்றை எழுதி வைத்துப் பழக வேண்டியதுதான். சில வினைகள் இரண்டையும் ஏற்கும், ஆனால் பொருள் மாறிவிடும். "ஹி ஸ்டாப்ட் டிரிங்கிங் டீ" என்றால் டீ குடிப்பதை நிறுத்திவிட்டார். "ஹி ஸ்டாப்ட் டு டிரிங்க் டீ" என்றால் டீ குடிக்க நின்றார்.

வேலைத் தளத்தில் இதைவிட முக்கியமானது 'ரிமெம்பர்'. காலையில் வேலை தொடங்கும் முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டமான டூல்பாக்ஸ் மீட்டிங்கில் "ரிமெம்பர் டு குளோஸ் த வால்வ்" என்பார்கள். மறக்காமல் மூடு, இனிமேல் செய்ய வேண்டிய வேலை. "ஐ ரிமெம்பர் குளோசிங் த வால்வ்" என்றால் மூடியாயிற்று, மூடியது நினைவில் இருக்கிறது. வால்வு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதே இந்த ஒரு 'இங்'கில் இருக்கிறது. தம்பியை இதை மட்டும் மூன்று தடவை சத்தமாகச் சொல்லவைத்தேன்.

"ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ" என்பதில் 'டு'வும் இருக்கிறது, 'இங்'கும் இருக்கிறதே என்று கேட்டார். நல்ல கேள்வி. 'டு'வுக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள்: "லுக் ஃபார்வர்ட் டு த ஹாலிடே." பொருந்துகிறதா? அப்படியென்றால் அங்கே வினை வரும்போது 'இங்'கோடுதான் வரும். "வான்ட் டு த ஹாலிடே" பொருந்தாது. அங்கே வெறும் வினை.

இந்தச் சட்டங்களை நாம் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பியும் உடன் உழைத்தவர்களும் 1942இல் கொண்டுவந்த அகராதியிலேயே வினைகளுக்கு அமைப்புகளைக் குறித்துக் காட்டியிருந்தார்கள். இன்றைக்கும் கற்பவர்களுக்கான ஆங்கில அகராதிகளில் அவை இருக்கின்றன. பக்கத்து நூலகத்தில் ஒன்றை எடுத்து 'எக்ஸ்ப்ளெய்ன்' என்ற சொல்லைப் பாருங்கள். "எக்ஸ்ப்ளெய்ன் மீ" ஏன் தவறு என்று புரியும்.

சரி, இன்றைக்கு ஒரு பயிற்சி. எங்கள் லிஃப்ட் அறிவிப்பின் கடைசி வரி: "வி அப்பாலஜைஸ் ஃபார் எனி இன்கன்வீனியன்ஸ் காஸ்ட்." வினையை வட்டமிடுங்கள், சட்டத்தை எழுதுங்கள். அப்புறம் "தாமதமாக வந்ததற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்" என்பதை ஆங்கிலத்தில் எழுதுங்கள். தமிழில் 'அவரிடம் தெரிவித்தேன்' போலவே இங்கேயும் 'அவரிடம்'தான். ஆனால் இந்த வினை 'டு' கேட்கும்: "ஐ அப்பாலஜைஸ்ட் டு ஹிம் ஃபார் கமிங் லேட்." 'ஃபார்' பின்னால் 'இங்' வந்திருப்பதையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.