அம்மா இல்லாத முத கிறிஸ்மஸ், பினாங்குல நாங்க சமாளிச்ச கதை

எங்கம்மா ஆகஸ்ட்ல தவறிட்டாங்க. நவம்பர் கடைசியிலயே மால்ல எல்லாம் கிறிஸ்மஸ் பாட்டு போட ஆரம்பிச்சிட்டான், எனக்கு காதுல பஞ்சு வெச்சிக்கலாம் போல இருந்துச்சு. இந்த வருஷம் ஒங்க வீட்லயும் அதே நிலைமைன்னா, நாங்க பண்ணதுல எது கை குடுத்துச்சு எது சொதப்புச்சுன்னு சொல்றேன், வேணுங்கறத எடுத்துக்குங்க.

முதல்ல கொண்டாடலாமா கூடாதாங்கற பஞ்சாயத்த டிசம்பர் மொத வாரத்துலயே முடிச்சிடுங்க, தள்ளிப் போட்டா சொந்தக்காரங்க ஒங்களுக்காக முடிவு பண்ணிடுவாங்க. எங்க பெரியம்மா ஒரு வருஷத்துக்கு பலகாரம் சுடக்கூடாது, ஸ்டார் கட்டக்கூடாதுன்னாங்க. இந்து சொந்தக்காரங்க தீபாவளிக்கு அப்டித்தானே விடுவாங்க, நம்ம ஆளுங்க கிட்டயும் அந்தப் பழக்கம் இருக்கு, நான் தப்புன்னு சொல்ல வரல. ஆனா திருச்சபையில அப்டி ஒரு சட்டமே கிடையாது. உண்மையில கேக்க வேண்டிய ஆளு ஒருத்தர்தான், வீட்ல மிச்சம் இருக்கிற அப்பாவோ அம்மாவோ. கேக்குறதுலயும் ஒரு விதம் இருக்கு. "கொண்டாடலாமாப்பா"ன்னு மொட்டையா கேட்டா "ஒங்க இஷ்டம்"னுட்டு டிவி பக்கம் திரும்பிடுவாரு. குடில் வெக்கலாமா, ஸ்டார் கட்டலாமா, ஆளுங்க வரலாமான்னு ஒண்ணொண்ணா கேளுங்க. எங்கப்பா குடிலும் ஸ்டாரும் சரி, ஓப்பன் ஹவுஸ், அதான் வீட்டத் தொறந்து வெச்சி வர்றவங்களுக்கெல்லாம் விருந்து வெக்கிறது, அது வேணாம்னாரு, அவ்ளோதான் முடிஞ்சிச்சு. ஓப்பன் ஹவுஸ் இல்லன்னு அன்னிக்கே வாட்ஸ்அப்ல போட்டுடுங்க, அன்பியத்துல, அதான் அக்கம்பக்கத்து கத்தோலிக்க குடும்பங்க சேர்ற குழுவுல, கேரல்ஸுக்கு பேர் எடுக்கிறவங்க கிட்டயும் சொல்லிடுங்க, இல்லன்னா ஒரு ராத்திரி இருவது பேரு கித்தாரோட வாசல்ல நிப்பாங்க, நீங்க கைலியோட கண்ணு செவந்து போய் கதவத் தொறப்பீங்க.

இப்ப முக்கியமான விஷயம். ஒரு நாள் பூசை முடிஞ்சி வந்து அக்கா, தங்கச்சி, நான் மூணு பேரும் காப்பிய வெச்சிக்கிட்டு அம்மா டிசம்பர்ல என்னென்ன வேல செஞ்சாங்கன்னு ஒரு நோட்டுல எழுதினோம். ரெண்டு பக்கம் வந்துச்சு. கர்ட்டன் துவைக்கிறது, சூஜி கேக்குக்கு முந்தின ராத்திரியே ரவையில பட்டர் போட்டு ஊற வெக்கிறது, அப்பாவுக்கு புது சட்டை, கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு ஞாயித்துக்கிழமையும் வர்ற திருவருகைக்காலத்துக்கு நாலு மெழுகுதிரி, அதுல மூணாவது ஞாயித்துக்கிழமைக்கு ரோஸ் கலர், கீழ் வீட்டு மக்சிக்குக்கு (மலாய்க்கார அம்மா) ஒரு டின்னு பலகாரம், ஃப்ளாட்ட கூட்டுற அக்காவுக்கு 20 வெள்ளி அங்பாவ் (கவருல வெச்சி குடுக்கிற காசு). இந்தக் கடைசி விஷயம் எங்க யாருக்குமே தெரியாது, அப்பா சொல்லித்தான் தெரிஞ்சிச்சு. 25ஆம் தேதி மட்டும் பல்ல கடிச்சிக்கிட்டா போதும்னு நெனச்சிருந்தேன், அது இல்ல, இந்த மாதிரி ரோஸ் கலர் மெழுகுதிரி வாங்க கடையில நிக்கும்போதுதான் தொண்ட அடைக்குது. அதனால லிஸ்ட் போடுங்க, போட்டு ஆளுக்குப் பிரிங்க, கஷ்டமான வேலைக்கு ரெண்டு பேரா போங்க, முடியாதத அடிச்சிடுங்க. நாங்க கர்ட்டன் துவைக்கல. அழுக்கு கர்ட்டனுக்கு நடுவுலயும் பாலன் பொறந்துட்டாரு.

பலகாரத்துல எல்லாத்தயும் செய்ய நெனக்காதீங்க, ஒண்ணே ஒண்ணு எடுத்துக்குங்க. நாங்க அச்சு முறுக்கு எடுத்தோம், பெரியம்மா மொகத்த தூக்கி வெச்சிக்கிட்டாங்க, பரவால்ல. அம்மா எதயும் எழுதி வெக்கல, அவங்க அளவு எல்லாம் பால் டின்னுதான், அந்த டின்னும் எங்கயோ போயிடுச்சு. நாங்களா ஒரு குத்துமதிப்புல அரிசி மாவு 300 கிராம், கோதும மாவு ஒரு கைப்பிடி, முட்ட 4, தேங்காப்பால் 500 மில்லி, சீனி 250 கிராம் போட்டோம். மொத பத்து முறுக்கு அச்ச விட்டு வரவே இல்ல. தங்கச்சி குச்சியால நோண்டி நோண்டி, கடைசியில அச்ச தூக்கி சிங்க்ல போட்டுட்டு அப்டியே தரையில உக்காந்து அழுதா. நானும் பக்கத்துல உக்காந்துட்டேன், அடுப்ப மட்டும் அணைச்சிட்டு. அப்புறம் அக்காவுக்குத்தான் ஞாபகம் வந்துச்சு, அம்மா அச்ச காயிற எண்ணெயில கொஞ்ச நேரம் முக்கியே வெச்சிருப்பாங்க, நல்லா சூடேறினதும் எடுத்து மாவுல முக்கா உசரத்துக்குத்தான் விடுவாங்க, மாவு மேல ஏறி அச்ச மூடிடிச்சின்னா முறுக்கு கழண்டு வராது. அப்டி செஞ்சதும் எண்ணெயில ரெண்டு ஆட்டு ஆட்டினா தானா கழண்டு மெதந்துச்சு. கலர்தான் கொஞ்சம் சீக்கிரம் கருத்துச்சு, அது ஏன்னு அப்ப புரியல.

குடில எப்பவும் அப்பாதான் வெப்பாரு. அம்மா பஞ்சு ஒட்டுவாங்க, நம்ம ஊருல ஏதும்மா ஸ்னோன்னு வருஷா வருஷம் கேப்போம். இந்தத் தடவ அப்பா, ஏசுவ வளத்த சூசையப்பர் சுரூபத்த கையில வெச்சி துணியால தொடச்சிக்கிட்டே இருந்தாரு, அப்புறம் திடீர்னு "இவரு எப்ப செத்தாருன்னு பைபிள்ல இல்ல பாத்தியா"ன்னாரு. ஏசுவுக்கு 12 வயசுல கோயில்ல தேடுற எடத்துக்கு அப்புறம் சூசையப்பர நேர்ல காணோம், கானாவூர் கல்யாணத்துல தாயார் மட்டும்தான் வர்றாங்க, அதுக்குள்ள அவரு எறந்துட்டாருன்னுதான் பாரம்பரியமா சொல்வாங்க, நல்ல மரணத்துக்கு அவரத்தானே வேண்டிக்கிறோம். அப்ப ஏசுவும் அப்பா போன வீட்ல இருந்தவருதான். நாப்பது வருஷமா குடில் வெக்கிறாங்க எங்க வீட்ல, நான் ஒரு தடவ கூட இத யோசிச்சதில்ல. "கடவுளோட சித்தம், அழாதீங்க"ன்னு வந்து சொன்னவங்க எல்லாரையும் விட அப்பா அந்த சுரூபத்த தொடச்சதுதான் எனக்கு ஜெபம் மாதிரி இருந்துச்சு. அப்டி சித்தம் கித்தம்னு சொல்றவங்க கிட்ட சண்டைக்குப் போகாதீங்க, "பசியாறிட்டீங்களா"ன்னு கேட்டு பேச்ச மாத்திடுங்க. ஜெபிக்க வரலன்னாலும் கவலப்படாதீங்க, எனக்கு மூணு மாசம் ஜெபமால கையில இருந்துச்சு, வாயி ஓடல.

பூசைக் கருத்து, அதான் போனவங்க பேரச் சொல்லி பூசையில வேண்டிக்கிறதுக்கு, குடுக்கணும்னா சர்ச் ஆஃபிஸ்ல முன்னாடியே போய் பேர் எழுதிடுங்க, கிறிஸ்மஸ் நேரத்துல சீக்கிரம் நெறஞ்சிடும். நாங்க ரெண்டு வாரம் இருக்கும்போது போனோம், 24 ராத்திரி கெடைக்கல, 27 காலையிலதான் கெடைச்சிச்சு, வாசிக்கும்போது அம்மா பேர தப்பா வேற வாசிச்சாங்க. எழுதும்போது பெரிய எழுத்துல எழுதிக் குடுங்க. நடுச்சாமப் பூசையில ஓரமா, பக்கத்துக் கதவுகிட்ட உக்காருங்க. மகிமை பாடி மணி அடிச்சி பாலன் சுரூபத்த கொண்டு போய் குடில்ல வெக்கிற நேரம் இருக்கே, எல்லாரும் சிரிக்கிற அந்த நேரந்தான் ஒடைஞ்சி போவீங்க, வெளிய போய் நின்னுட்டு வரலாம். வாசல்ல என்ன மாதிரி இன்னும் மூணு பேரு நின்னுக்கிட்டு இருந்தாங்க.

கல்லறைக்கு 24ஆம் தேதி காலையிலயே போயிட்டு வந்துடுங்க. நவம்பர் 2 கல்லறைத் திருநாள் மாதிரி வெஸ்டர்ன் ரோட் கல்லறையில கூட்டம் இருக்காது, அமைதியா இருக்கும். குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் பக்கம் மல்லிப்பூ வாங்கிக்கிட்டோம், அம்மாவுக்கு அங்க வாங்குற பூதான் புடிக்கும். மெழுகுதிரி, தண்ணி, தீப்பெட்டிக்கு பதிலா லைட்டர், காத்துல தீக்குச்சி நிக்காது.

இன்னொன்னு, போன். அம்மாவோட ப்ரீபெய்டு நம்பருக்கு ரீலோடு பண்ணாம விட்டா லைன் செத்துடும். வாட்ஸ்அப்பும் பொதுவா 120 நாள் யாரும் தொறக்கலன்னா அந்த அக்கவுண்ட்ட அழிச்சிடும், ஆகஸ்ட்ல போனவங்களுக்கு கணக்கு போட்டா கரெக்டா டிசம்பர்ல வந்து நிக்குது. ஒங்க போன்ல இருக்கிற பழைய சாட் போகாது, ஆனா அவங்க படம் போயிடும். அதனால அதுக்கு முன்னாடியே வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தயும் வேற எடத்துல சேவ் பண்ணிடுங்க, இப்ப கேக்கணும்னு இல்ல, சேவ் பண்ணா போதும். ராத்திரியில ரொம்ப முடியலன்னா, உயிரே வேணாங்கற அளவுக்கு நெனப்பு போச்சுன்னா, மனசு விட்டு பேசுறதுக்கு இருக்கிற மலேசிய ஹெல்ப்லைன் பெஃப்ரெண்டர்ஸுக்கு 03-7627 2929 கூப்டுங்க, 24 மணி நேரமும் எடுப்பாங்க, சர்ச்சுல சொல்ல வெக்கமா இருக்கிறவங்களுக்கும் அது ஒதவும்.

மக்சிக் வீட்டு டின்னு என் பங்குக்கு வந்த வேல. தள்ளித் தள்ளிப் போட்டு 27தான் எறங்கிப் போனேன். வாசல்லயே ஒண்ண எடுத்து கடிச்சாங்க, கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் மலாய்ல சொன்னாங்க, நல்லா இருக்கு, ஆனா இனிப்பு கூட, ஒங்கம்மா சீனி கொறச்சித்தான் போடுவாங்க, அதான் கருக்காதுன்னு. மறுநாள் அந்த டின்ன பாவுலு (மலாய் முட்ட கேக்கு) போட்டு திருப்பி அனுப்பினாங்க. நோட்டுல 250ஐ அடிச்சிட்டு 200ன்னு எழுதி வெச்சிருக்கேன்.