அடைக்கல நாயும் அடைக்கலம் தருபவரின் மனமும்

மீட்கப்பட்ட நாயைச் சில வாரங்கள் வீட்டில் வைத்துத் தேற்றி, நிரந்தரமாகத் தத்தெடுப்பவரிடம் ஒப்படைக்கும் பணிக்கு முன்வருபவர்கள் உணவு, மருந்து, சங்கிலி எல்லாவற்றையும் யோசித்து வைக்கிறார்கள். தங்கள் மனத்துக்கு மட்டும் எந்த ஏற்பாடும் செய்துகொள்வதில்லை. மகிழ்ச்சியும் சலிப்பும் பிரிவின் வலியும் ஏறத்தாழ எந்தக் கட்டத்தில் வரும் என்பதை முன்பே அறிய முடியும் என்பதால், அதற்கான ஏற்பாட்டையும் முன்பே செய்துகொள்ளலாம்.

நாய் வருவதற்கு முன் மூன்று விஷயங்களை முடிவு செய்துவிடுங்கள்: எத்தனை வாரம் வைத்திருப்பீர்கள், மருத்துவச் செலவு யாருடையது, உங்களால் முடியாமல் போனால் நாயை யார் பெற்றுக்கொள்வார். வேலூரின் சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டு உரிமையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒளித்து வளர்க்கும் நாய் குரைக்கும்போதெல்லாம் வரும் பதற்றம் வேறெந்தக் களைப்பையும்விடக் கொடியது.

முதல் சில நாள்கள் நாய் சாப்பிடாமல் கட்டிலுக்கடியிலேயே கிடக்கலாம். அது உங்களை வெறுக்கிறது என்று எண்ண வேண்டியதில்லை. அது இன்னும் உங்களை யாரென்று அறியவில்லை, அவ்வளவுதான். தண்ணீரை அருகில் வைத்துவிட்டு, உற்றுப் பார்க்காமல், பக்கவாட்டாகத் தள்ளி உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். ஒரு நாளுக்கு மேல் தண்ணீரே குடிக்கவில்லை என்றாலோ, குட்டியாக இருந்து உணவையும் மறுத்தாலோ, மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். அக்னி நட்சத்திரக் காலத்தில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம் என்பதால், இடமில்லை என்று மொட்டை மாடியில் கட்டிவைக்கும் எண்ணத்தை அடியோடு விட்டுவிடுங்கள்.

உண்மையான சோதனை இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் வருகிறது. பயம் தெளிந்த நாய் தன் இயல்பைக் காட்டத் தொடங்கும். செருப்பைக் கடிக்கும், கூடத்தில் சிறுநீர் கழிக்கும், நள்ளிரவில் தெருநாய்களுக்குப் பதில் குரல் கொடுக்கும். அப்போது எழும் எரிச்சலும், எரிச்சல்பட்டதற்காக உடனே எழும் குற்றவுணர்வும் இப்பணி செய்யும் எல்லோருக்கும் உரியவை. வீட்டில் ஒருவரே எல்லாவற்றையும் சுமக்காமல், காலை நடை ஒருவர், இரவுக் கவனிப்பு மற்றொருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். தனியாக இருப்பவர் வாரத்தில் ஒரு நாளாவது நாயை வேறொரு நண்பரிடம் விட்டுவிட்டு நிம்மதியாக உறங்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

குட்டிகளை ஏற்பவர்கள் மரணத்தையும் எதிர்பார்த்திருக்க வேண்டும். பார்வோ வைரஸ் குடலின் உட்சுவரையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்குகிறது; வாந்தி, இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, கடும் சோர்வு என்று தொடங்கி ஓரிரு நாளிலேயே நிலைமை கைமீறிப் போகலாம். சலைன் ஏற்றி, வாந்தியைக் கட்டுப்படுத்தி, உடலைத் தாங்கிப் பிடிப்பதே முதன்மையான சிகிச்சை என்பதால், நேரத்தோடு கொண்டுபோன குட்டிகளிலும் சில பிழைப்பதில்லை. 'இன்னும் கொஞ்சம் முன்பே கவனித்திருந்தால்' என்ற கேள்வி பல வாரங்கள் துரத்தும். நாள்தோறும் என்ன சாப்பிட்டது, எப்போது வாந்தி எடுத்தது, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவருவது மருத்துவருக்கு உதவுவதோடு, செய்ய வேண்டியதைச் செய்தோம் என்பதைப் பிற்பாடு உங்களுக்கே எடுத்துக் காட்டும். இந்த வைரஸ் தரையிலும் மண்ணிலும் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும். வழக்கமான தரைக் கழுவிகள் பலவற்றுக்கு அது மடிவதில்லை, பிளீச்சிங் கரைசல் வேண்டும். ஆகவே ஒரு குட்டி இறந்த வீட்டுக்குத் தடுப்பூசி முடியாத இன்னொரு குட்டியை உடனே கொண்டுவரக் கூடாது. துக்கத்தை மறக்க அடுத்த குட்டியைத் தேடும் மனத்துக்கு இந்தக் கட்டாய இடைவெளி நல்லதே.

ஒப்படைக்கும் நாள் நெருங்கும்போது, 'நாமே வைத்துக்கொள்ளலாமே' என்ற எண்ணம் வரும். அந்த வாரத்தில் அம்முடிவை எடுக்காதீர்கள். வைத்துக்கொள்வதானால் தத்தெடுப்பவர் தேடப்படும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். தத்தெடுப்பவர் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தாலும், அவர் வீட்டை வீடியோ அழைப்பிலாவது பார்த்துவிடுங்கள். தீபாவளி நெருக்கத்தில் நாயைப் புது வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். வெடிச்சத்தத்தில் மிரண்டு ஓடும் நாய்க்கு அங்கே திரும்பி வர வழி தெரியாது. அது படுத்த விரிப்பைத் துவைக்காமல் கூடவே கொடுத்தனுப்புங்கள். படம் கேட்பதானால் எப்போது அனுப்புவார்கள் என்று பேசி வைத்துக்கொண்டு, நாள்தோறும் நச்சரிக்காமல் இருங்கள்.

கருத்தடைக்குப் பின் தேறுவதற்காக வந்த தெருநாயின் நிலை வேறு. 2023ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, அத்தகைய நாயைப் பிடித்த இடத்திலேயே கொண்டுவிடுவது பொது முறை. கைவிட்டுவிட்டோம் என்று உள்ளம் குமுறலாம். ஆனால் அதற்கு அந்தத் தெருவில் கூட்டமும் சோறிடும் கைகளும் உண்டு. நீங்களும் அவ்வழியே போகும்போது பார்க்கலாம்.

ஒப்படைத்த பிறகு சில வாரங்கள் ஓய்வெடுங்கள். அடுத்த நாயை எப்போது ஏற்க முடியும் என்று மீட்புக் குழுவினரிடம் நீங்களே தேதி குறிப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். இல்லையெனில் அன்றிரவே அடுத்த குட்டியின் படம் வாட்ஸ்அப்பில் வந்து நிற்கும்.