ஃபர்னஸ் போர்டை மாற்றும் முன் சோதிக்க வேண்டியவை

கனடாவின் உறைகுளிரில், வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ் நின்றுபோனால், "போர்டு போய்விட்டது" என்ற பேச்சு விரைவில் எழுந்துவிடுகிறது. போர்டு என்பது ஃபர்னஸின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகை. போர்டுகள் பழுதாவது உண்மைதான். ஆயினும் தனக்கு வந்து சேர வேண்டிய ஒரு சமிக்ஞை வராததால் பாதுகாப்புக்காக நின்றுபோன நல்ல போர்டுகளும் பழியேற்றுக் கழற்றப்படுகின்றன. போர்டின் விலை குறைவல்ல. ஒருமுறை பொருத்திய மின்னணு உதிரிபாகத்தைப் பல கடைகள் திரும்ப எடுத்துக்கொள்வதும் இல்லை. ஆகவே போர்டைக் குற்றவாளியாக்கும் முன் மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்கிவிட வேண்டும்.

எரிவாயு வாடை வந்தாலோ, கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒலித்தாலோ எதையும் சோதிக்காதீர்கள். வீட்டிலுள்ள அனைவரும் வெளியேறிய பிறகு, வெளியில் நின்று உதவிக்கு அழையுங்கள். ஒன்டாரியோவில் எரிவாயுக் கருவிகளில் பழுதுபார்க்கும் வேலையை டிஎஸ்எஸ்ஏ (அம்மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பு) சான்றிதழ் பெற்ற டெக்னீஷியன்களே செய்ய வேண்டும் என்பது சட்டம். கண்ணால் பார்ப்பதும் 24 வோல்ட் பகுதியை மல்டிமீட்டரால் அளப்பதும் வீட்டுக்காரர் செய்யக்கூடியவை. 120 வோல்ட் பகுதியையும் கேஸ் வால்வையும் டெக்னீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

முதலில் போர்டிலுள்ள சிறு எல்இடி விளக்கைப் பாருங்கள். பல ஃபர்னஸ்களில் கீழ்க்கதவிலுள்ள சிறு கண்ணாடித் துளை வழியாகவே அது தெரியும். கதவைக் கழற்றினால் கதவுச் சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். சில போர்டுகளில் அத்துடன் பிழைக் குறியீடும் அழிந்துவிடும் என்பதால், விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்பதைக் கதவைத் தொடுவதற்கு முன்பே எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பிரேக்கரை அணைத்துப் போட்டுப் பார்ப்பதும் அதற்குப் பிறகுதான். சிமிட்டல்களுக்கான பொருள் கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட்ட அட்டவணையில் இருக்கும். இது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால், இணையத்தில் கிடைத்த வேறொரு மாடலின் அட்டவணையை நம்பிவிடாதீர்கள்.

விளக்கு எரியவே இல்லையென்றால் போர்டுக்கு மின்சாரம் வரவில்லை என்று முதலில் எண்ணுங்கள். பிரேக்கர், ஃபர்னஸ் அருகிலுள்ள சுவர் சுவிட்ச் (விளக்குச் சுவிட்ச் என்று நினைத்து யாராவது அணைத்திருப்பது மிகச் சாதாரணம்), சரியாக மூடாத கதவு ஆகிய மூன்றையும் பாருங்கள். அடுத்தது போர்டில் செருகப்பட்டிருக்கும், கார்களில் உள்ளதைப் போன்ற தட்டை ஃபியூஸ். பெரும்பாலும் 3 அல்லது 5 ஆம்பியர். பிரேக்கரை அணைத்த பின் அதை எடுத்துப் பாருங்கள்; எரிந்திருந்தால் அதே அளவு ஃபியூஸை மட்டுமே போடுங்கள். புதிய ஃபியூஸும் உடனே எரிந்தால் 24 வோல்ட் கம்பி எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது. ஏசிக்காக வெளியே செல்லும் மெல்லிய கம்பி, புல்வெட்டும் கருவியால் அறுபட்டோ எலி கடித்தோ கிடப்பதை அடிக்கடி காணலாம். அதைச் சரிசெய்யாமல் புதுப் போர்டு போட்டாலும் அதே ஃபியூஸ் மறுபடியும் எரியும்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால், மின்சாரம் வந்துகொண்டிருக்கும் நிலையில் போர்டின் ஆர் (R, 24 வோல்ட் வரும் முனை), சி (C, பொது முனை) ஆகியவற்றுக்கிடையே மீட்டரை வைத்துப் பாருங்கள். 24 வோல்ட்டையொட்டிய அளவு காட்ட வேண்டும். காட்டாவிட்டால் டிரான்ஸ்பார்மரையும் கதவுச் சுவிட்சையும் சந்தேகியுங்கள். 24 வோல்ட் இருந்தும் ஃபர்னஸ் ஓடவில்லையென்றால், தெர்மோஸ்டாட்டில் வெப்பநிலையை உயர்த்திவிட்டு டபிள்யூ (W, சூடாக்கும் கட்டளை வந்துசேரும் முனை), சி முனைகளை அளந்து பாருங்கள். அங்கே 24 வோல்ட் வராவிட்டால் குறை தெர்மோஸ்டாட்டிலோ அதன் கம்பியிலோ இருக்கிறது. போர்டு வெறுமனே கட்டளைக்குக் காத்திருக்கிறது.

கட்டளை வந்த பிறகு நடப்பதை வரிசைப்படி கவனிப்பதுதான் இந்தச் சோதனையின் உயிர்நாடி. முதலில் புகையை வெளியேற்றும் சிறு விசிறியான இன்டியூசர் சுழலும். காற்றோட்டம் போதுமானதாக இருந்தால், அதை உணரும் பிரஷர் சுவிட்ச் மூடும், அதாவது மின்சுற்றை இணைக்கும். பிறகு தீயைப் பற்றவைக்கும் இக்னைட்டர் செந்நிறத்தில் கனலும். கேஸ் வால்வு திறந்து பர்னர்கள் பற்றிக்கொள்ளும். ஃபிளேம் சென்சார் தீயை உறுதிசெய்யும். சற்று நேரத்துக்குப் பிறகு பெரிய விசிறி சூடான காற்றைத் தள்ளும். எந்தப் படி நடக்கவில்லையோ அதிலும் அதற்கு முந்தைய படியிலும்தான் காரணத்தைத் தேட வேண்டும்.

இன்டியூசர் சுழன்றும் இக்னைட்டர் கனலவில்லையெனில், வீட்டின் வெளிச்சுவரிலுள்ள, ஃபர்னஸின் காற்றும் புகையும் செல்லும் வெள்ளைக் குழாய்களைப் பனி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். கண்டன்சேட் நீர் (புகை குளிர்ந்து உருவாகும் நீர்) வடியும் குழாய் அடைத்திருந்தாலும், பிரஷர் சுவிட்சின் ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தாலும் இதே நிலைதான். தீ பற்றிச் சில நொடிகளில் அணைந்து, மறுபடி முயன்று, கடைசியில் ஃபர்னஸ் தன்னைத்தானே பூட்டிக்கொண்டால், படிவு படிந்த ஃபிளேம் சென்சாரே முதல் சந்தேகம். தீயின் ஊடாகப் பாயும் சில மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டத்தைக் கொண்டுதான் போர்டு தீயை அறிகிறது. மெல்லிய படிவோ சரியில்லாத கிரவுண்ட் இணைப்போ இருந்தாலே அது தடைப்பட்டுவிடும். சென்சாரைச் சுத்தம் செய்வது டெக்னீஷியனுக்குச் சில நிமிட வேலை. பெரிய விசிறி மட்டும் நிற்காமல் ஓடுவதையும் போர்டிலுள்ள ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டதன் அறிகுறி என்று உடனே முடிவுகட்டாதீர்கள். அழுக்கடைந்த ஃபில்டரால் சூடேறி, அதிகச் சூட்டில் தீயை நிறுத்தும் லிமிட் சுவிட்ச் திறந்திருந்தாலும் விசிறி அப்படித்தான் ஓடும்.

போர்டுதான் பழுது என்பதற்கான உறுதியான சான்று ஒன்றே: உள்ளே வர வேண்டியவை எல்லாம் வந்திருக்க வேண்டும், வெளியே போக வேண்டியது போகாமலிருக்க வேண்டும். உதாரணமாக, பிரஷர் சுவிட்ச் மூடி, லிமிட் சுவிட்சும் மூடியே இருக்க, இக்னைட்டர் கனல வேண்டிய நொடிகளில் அதன் இணைப்புக்குப் போர்டிலிருந்து மின்னழுத்தம் வரவில்லையென்றால் போர்டைக் குறைசொல்லலாம். இந்த அளவீட்டைத் தெரிவிக்கும்படி டெக்னீஷியனிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. போர்டில் கருகிய தடமோ, ரிலேயின் காலைச் சுற்றி வளையமாக வெடித்த ஈயப்பற்றோ, மேலிருந்து சொட்டிய நீரின் பச்சைக் களிம்போ தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். நீர் சொட்டியிருந்தால் கசிவை அடைத்த பிறகே புதிய போர்டைப் போட வேண்டும்.

மாற்றுவது உறுதியானால், ஃபர்னஸின் மாடல் எண்ணையும் போர்டில் அச்சிட்ட எண்ணையும் இரண்டையுமே வைத்து உதிரிபாகத்தைத் தேடுங்கள். கம்பிகளைக் கழற்றுவதற்கு முன் எல்லாக் கோணங்களிலிருந்தும் படமெடுத்து வைப்பதும், பழைய போர்டில் அமைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் சிறு டிப் சுவிட்சுகள் எந்த நிலையில் இருந்தன என்று குறித்துக்கொள்வதும் அவசியம். விசிறியின் வேகக் கம்பிகள் இடம் மாறினால் காற்றோட்டம் குறைந்து, சரிசெய்த ஃபர்னஸ் லிமிட் சுவிட்சில் மறுபடி நிற்கும்.