பைக் ஆயில் எங்கே கசிகிறது? பவுடர் போட்டுப் பாருங்கள்

சொட்டு விழும் இடத்தில்தான் கசிவு என்று நினைக்காதீர்கள். ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் தள்ளிவிடும், அப்புறம் அது வழிந்து கீழே எங்கோ சொட்டும். என்ஜின் மேல்மூடியின் அடைப்பான ஹெட் கவர் கேஸ்கெட்டில் கசிந்தது, அடியில் ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட்டில் தொங்கும். போல்ட்டை இன்னும் முறுக்கினால் மரைதான் போகும்.

என்ஜின் நன்றாக ஆறியதும் டீசல் தொட்ட பிரஷ்ஷால் பிசுக்கைத் தேய்த்து, துணியால் ஈரமில்லாமல் துடையுங்கள். பெட்ரோல் வேண்டாம், தீ ஆபத்து. பிறகு சாதாரண முகப்பவுடரைச் சந்தேகமுள்ள இடங்களில் மெல்லிசாகத் தூவுங்கள். பிரேக் டிஸ்க், டிரம் பக்கம் படவே கூடாது.

வண்டியை நிறுத்தியபடியே சூடாகும்வரை ஓடவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு பழுப்பாகத் தெரியும். அதில் மிக உயரமான ஈரப்புள்ளி எதுவோ, கசிவு அங்கேதான். தெரியாவிட்டால் பக்கத்தில் ஒரு சுற்று போய் வந்து பாருங்கள். கியர் லீவர் தண்டைச் சுற்றி நனைந்திருந்தால் பெரும்பாலும் ஆயில் சீல் என்ற ரப்பர் வளையம்தான், செலவு குறைவு.

பிரேக் ஆயிலோ பெட்ரோலோ கசிந்தால் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம். வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள்.